ஊருக்கு கேக்... எனக்குக் கட்டுப்பாடு!



வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிப்பது பற்றி இந்தப் பகுதியில் நிறையச் சகோதரிகள் எழுதுகிறீர்கள். மசாலாப் பொடி, ஊறுகாய், முறுக்கு, தையல் என்று பலதையும் படித்து நானும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால், தின்பண்டம் செய்து விற்கிற பெண்ணுக்கு வருகிற ஒரு சங்கடத்தை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அடுத்தவர்களுக்காக நாள் முழுக்க இனிப்புச் செய்கிறவள் தன் வாயை எப்படிக் கட்டுவது? அதிலும், 'சீனியைக் குறைம்மா' என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு? இந்த இரண்டு வருஷத்தில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிறது. நெல்லும் தென்னையும் மாந்தோப்புமாக இருக்கும். என் வீட்டுக்காரர் தோப்பு வேலை பார்க்கிறார். நான் பத்தாவது வரை படித்தவள். பிள்ளைகள் இரண்டு பேர். நாலு வருஷமாக வீட்டில் கேக் செய்து விற்கிறேன். முதலில் குக்கரில் மணல் பரப்பி, அதன்மேல் பாத்திரம் வைத்துத்தான் செய்தேன். பிறகு சீட்டுப் பணத்தில் ஒரு சின்ன ஓவன் வாங்கினேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்திருக்கிறேன். பிறந்தநாள், சடங்கு, வளைகாப்பு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஆர்டர் வரும். நல்ல மாதத்தில் எல்லாச் செலவும் போக ஆறாயிரம், ஏழாயிரம் நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு இதில்தான் ஓடுகிறது. அதனால், 'சீனி ஆகாதுன்னா அந்த வேலையை விட்டுரேன்' என்று சுலபமாகச் சொல்கிறவர்களுக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் முழுக்க இனிப்புதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வருஷமே, 2020ல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் கிடைத்தது. தூத்துக்குடி பக்கம் போனால் முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரியில் செய்கிற மக்ரூன். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பொட்டலம் இல்லாமல் போகிற வழக்கம் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அதே இனிப்பைத் தொழிலாகவும் வைத்துக்கொண்டு, நாக்கைக் கட்டுவது என்பது சாதாரணக் காரியம் இல்லை.

டாக்டரம்மா சொன்ன கணக்கு

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் எனக்கு சுகர் இருப்பதாகச் சொன்னார்கள். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களே, அந்தப் பரிசோதனைதான். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று கணக்கு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியே சமாளித்தேன். பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது.

சரியாகிவிட்டது என்று நாம் நினைப்பது பாதி உண்மைதானாம். கர்ப்பகாலத்தில் சுகர் வந்த பெண்ணுக்குப் பின்னால் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பிரசவம் ஆகி 6 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் ஒரு தடவையும், அப்புறம் வருஷா வருஷமும் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற தேதியை நாம் மறப்பதில்லை. நமக்கு ரத்தம் பார்க்கிற தேதியைத்தான் மறந்துவிடுகிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்தபோது, வெறும் வயிற்றில் 108. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையில் 5.9. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ம் அதற்கு மேலும் போனால் நோய். மூன்று மாதச் சராசரி 5.7லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆகிவிட்டால் நோய். "வரப்பு மேலே நிக்கிறேம்மா. அந்தப் பக்கம் விழுறதும் இந்தப் பக்கம் இறங்குறதும் உன் கையிலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அந்த வரப்பில் நான் மட்டும் நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உதவியோடு நாடு முழுக்க நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். நோய் வந்தவர்களைவிட, வாசலில் நிற்பவர்கள்தான் அதிகம்.

வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர முடியும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். தனியாக எந்த ஏற்பாடும் செய்யாதவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி நடைப்பயிற்சியும் செய்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. எல்லாருமே தப்பிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 100க்கு 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கையா? அந்தப் பதினாறில் நானும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு வீட்டிலேயே காரணம் இருக்கிறது. என் மாமியாருக்குப் பதினாறு வருஷமாக சுகர். மூன்று வருஷத்துக்கு முன் செருப்புக் கடித்த சின்னப் புண், காலில் உணர்ச்சி இல்லாததால் தெரியாமலே பெரிதாகி, கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நாலு மாதம் கட்டுப் பிரித்து மருந்து போட்டவள் நான். அந்தப் புண்ணைத் துடைத்த கைக்கு, சீனி என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வாய்க்குப் போனதை நோட்டில் எழுதினேன்

டாக்டரம்மா காபிக்குச் சீனி வேண்டாம் என்றார். விட்டேன். சோற்றைக் குறைத்துக் காய்கறி, பயறு கூட்டச் சொன்னார். அதையும் செய்தேன். கேக்கும் தட்டில் வைத்து நான் சாப்பிடுவதில்லை. அப்படியானால் வேறு எந்த வழியாகச் சீனி போகிறது என்று பார்க்க, ஒரு பழைய நோட்டை அடுப்படியில் தொங்கவிட்டேன். பதினைந்து நாள், வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதினேன்.

வேலை செய்யும்போது போவதுதான் கணக்கில் வந்தது. மாவு கலக்கி முடித்ததும் பதம் பார்க்க ஒரு கரண்டி. ஐசிங் செய்யும்போது விரலில் ஒரு தடவை, கரண்டியில் இரண்டு தடவை. கேக்கின் மேல்பகுதியைச் சமமாக வெட்டும்போது விழுகிற துண்டு. அலங்காரத்துக்கு வைத்த செர்ரியில் இரண்டு.

இதை எடை போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு வெண்ணெய் கேக்குக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், சீனி 250 கிராம், முட்டை ஐந்து. ஆக மொத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ மாவு. அதில் காலே கால் பங்கு சீனி. அப்படியென்றால் 50 கிராம் துண்டு ஒன்றில் 12 கிராமுக்கு மேல் சீனி. ஐசிங்குக்கு ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு பொடித்த சீனி. 15 கிராம் வருகிற ஒரு கரண்டியில் 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சீனி. ஒரு ஆர்டர் நாளில் ஐசிங்கில் 30 கிராம், வெட்டிய துண்டுகளில் 20 கிராம், பச்சை மாவில் 5 கிராம், செர்ரியில் ஒரு 5 கிராம். மொத்தம் 60 கிராம்! பன்னிரண்டு டீஸ்பூன் சீனி!

தனியாகச் சேர்க்கிற சீனி ஒரு நாளைய சாப்பாட்டுச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நம்மைப் போன்றவர்களுக்கு அது 50 கிராமும் 25 கிராமும். ஒரு துண்டு கேக்கைக்கூட உட்கார்ந்து சாப்பிடாத நாளிலேயே அந்த அளவு தாண்டிப் போகிறது.

நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. ஆசைப்பட்டுச் சாப்பிட்டது அதில் ரொம்பக் குறைவு. ருசி பார்க்க வேண்டுமே என்று போனது பாதி. வீணாகக் கூடாதே என்று போனது மீதி. இந்த இரண்டும் நாம் எல்லாரும் செய்கிறதுதான். பிள்ளை மிச்சம் வைத்த தோசை, சட்டியில் ஒட்டிய பாயசம், காலையில் மிஞ்சிய வடை எல்லாம் எங்கே போகிறது, சொல்லுங்கள்? அதனால் மனதை அடக்குவதைவிட, வேலை செய்கிற முறையை மாற்றுவதுதான் வழி என்று தோன்றியது.

மடப்பள்ளி வழி

முதலில் ருசி பார்ப்பதை நிறுத்த வேண்டும். அது எப்படி முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மாமியார்தான் சொன்னார். "கோயில் மடப்பள்ளியில பொங்கல் வைக்கிறவரு தின்னு பாத்தா வைக்கிறாரு? வீட்ல சாமிக்குப் படைக்கிற அன்னிக்கு நீ வாயில போட்டா உப்புப் பாக்கிறே? அளவு கையில இருந்தா நாக்கு எதுக்கு தாயி?"

உண்மைதானே! படையல் செய்கிற அன்றைக்கு நாம் எல்லாருமே ருசி பார்க்காமல்தான் சமைக்கிறோம். சர்க்கரைப் பொங்கல் சரியாகத்தானே வருகிறது! அதையே கேக்குக்கும் பழக்கினேன். எப்படி என்று கேட்பவர்களுக்காக:

ஒரு தராசு வாங்கிவிடுங்கள். டம்ளர், கரண்டி அளவெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கிராம் மாறாது. மைதா, சீனி, வெண்ணெய் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே எடை போட்டுத் தனித்தனி டப்பாவில் வைத்து, நோட்டில் டிக் அடித்துவிட்டால், 'சீனி போட்டோமா இல்லையா' என்று வாயில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

மாவின் பதம் நாக்கில் தெரிவதில்லை, கரண்டியில்தான் தெரியும். கரண்டியைத் தூக்கினால் மாவு நாடா மாதிரி மடிந்து விழ வேண்டும். வெண்ணெயும் சீனியும் வெளுத்துப் பஞ்சு மாதிரி வந்தால் அடித்தது போதும். ஐசிங் கரண்டி நுனியில் மூக்கு மாதிரி நிற்க வேண்டும். வெந்ததா என்பதற்கு நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வர வேண்டும், ஓரம் பாத்திரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். இத்தனைக்கும் கண்ணும் கையும் மூக்கும் போதும். நம் பக்கத்துப் பால்கோவாவிலும் இதே கதைதான். பால் சுண்டி, கரண்டி போன தடம் மூடாமல் நின்று, நிறம் திரும்பினால் பதம் வந்துவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும்.

மூக்கை மட்டும் நம்ப முடியாத பொருள் ஒன்று இருக்கிறது. முந்திரி, நிலக்கடலை, கொப்பரை சில சமயம் காறிப்போயிருக்கும். புதுப் பாக்கெட் பிரித்ததும் அதில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிடுவேன். அதில் சீனி இல்லை. முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்த்துச் சேர்ப்பேன்.

பச்சை மாவை நக்கிப் பார்ப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. வேகாத முட்டையிலும் வேகாத மாவிலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். கிண்ணத்தை வழித்து நக்கப் பிள்ளைகளிடம் கொடுக்கிற வழக்கத்தையும் நான் நிறுத்திவிட்டேன். ஊற்றி முடித்ததும் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுவிடுவேன். தண்ணீர் பட்ட மாவை யாரும் நக்கமாட்டார்கள்!

புதுசாக ஒரு வகை செய்து பழகும்போது ருசி தெரிந்துதான் ஆக வேண்டும். அதற்கு ஆள் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு மதினியும்தான் அந்த உத்தியோகம் பார்க்கிறார்கள். 'நல்லாருக்கு' என்று மட்டும் சொன்னால் அடுத்த துண்டு கிடையாது. இனிப்பு கூடவா, குறைவா, வறண்டிருக்கா, முட்டை வாடை வருதா என்று பதில் சொல்ல வேண்டும். என் நாக்கைவிட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கிறது. நாள் முழுக்க அடுப்படியில் அந்த வாசனையிலேயே நிற்கிறவளுக்கு இனிப்பு அளவு எங்கே சரியாகத் தெரியப்போகிறது!

வெட்டிய துண்டு யாருக்கு?

அடுத்தது, வீணாகக் கூடாது என்று போகிற கணக்கு. ஒரு கிலோ கேக்கில் மேல்பக்கம் சமமாக வெட்டினால் 80 கிராம், 100 கிராம் விழும். தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

நான் செய்தது இதுதான். சுத்தமான ஒரு சின்னக் கவரை முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வேன். வெட்ட வெட்டத் துண்டுகள் நேராகக் கவருக்குள். கேக் பெட்டியோடு அந்தக் கவரையும் ஆர்டர் கொடுத்தவர்களிடமே தந்துவிடுவேன். அவர்கள் காசில் செய்தது, அவர்களுக்குத்தானே சேர வேண்டும்? முதல் தடவை கொடுத்தபோது ஒரு அக்கா, "இதெல்லாம் யாரு குடுக்கிறா! கேக்கு வெட்டுற வரைக்கும் பொறுக்காம அழுற பயலுக்கு இதக் குடுத்திருவேன்" என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சின்னக் கவரால் எனக்குப் புது ஆர்டர்களே வந்திருக்கின்றன.

மிஞ்சிய ஐசிங்கைப் பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த ஆர்டருக்குச் சீக்கிரமே பயன்படுத்துகிறேன். எதற்கும் ஆகாத துளி இருந்தால் குப்பைக்குப் போகட்டும். பத்து ரூபாய் ஐசிங்கைக் காப்பாற்ற நம் வயிற்றைக் குப்பைக்கூடை ஆக்க வேண்டாம். மாமியார் காலுக்கு நாலு மாதம் மருந்து வாங்கிய செலவை எழுதிப் பார்த்தவளுக்கு, எது வீண், எது மிச்சம் என்று நன்றாகவே தெரியும்.

முதலில் உன் சாப்பாடு

ஆர்டர் நாட்களில் நாம் என்ன செய்வோம்? காலையில் ஒரு காபி. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினால், சாப்பிட மணி பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். பசித்த வயிறோடு வெண்ணெயும் வெனிலா வாசனையும் வருகிற இடத்தில் நின்றால், எந்தச் சாமியாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

அதனால் இப்போது ஒரு சட்டம். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஓவன் சுவிட்ச். காலையில் முட்டை இரண்டும் தோசை ஒன்றும், அல்லது அவித்த பாசிப்பயறும் இரண்டு இட்லியும். மத்தியானம் சோறு ஒரே கிண்ணம்; கீரை, காய், பருப்பு தாராளமாக. சில நாள் குதிரைவாலிச் சோறு. சிறுதானியம்தானே என்று அதையும் கும்பாரமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது, அளவு அதுக்கும் உண்டு. பக்கத்தில் ஒரு செம்பு நீர்மோர். நிஜமாகவே பசிக்கிறதா, நாக்கு ஊறுகிறதா என்று தெரியாத நேரத்தில் ஒரு டம்ளர் மோர் குடித்தால் பாதி ஆசை அடங்கிவிடும். சாயங்காலம் தோப்புப் பாதையில் 40 நிமிஷம் நடக்கிறேன். என் மதினியும் கூட வருவதால் ஊர்க்கதையும் நடந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் நானும் கட்டுப்பாடு இருக்கிறேன் என்று ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கி, வேர்த்து, மயக்கம்கூட வரும். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

நாட்டுச் சர்க்கரைக் கதை

"சீனிதானே கெடுதல்? நாட்டுச் சர்க்கரை போட்டு, கோதுமை மாவுல செஞ்சு நீ சாப்பிட வேண்டியதுதானே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டாக்டரம்மாவிடமே கேட்டேன். சிரித்தார். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். ரத்தத்தில் போய்ச் சேர்ந்ததும் இது கருப்பட்டி, இது சீனி என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. கோதுமை மாவில் நார்ச்சத்து மைதாவைவிடக் கூடுதல். அது நல்லதுதான். அதற்காகக் கோதுமைக் கேக் பத்தியச் சாப்பாடு ஆகிவிடாது.

'சுகர் உள்ளவங்க சாப்பிடுற கேக் வேணும்' என்று என்னிடம் ஆர்டர் வருவதும் உண்டு. நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டு, 'இது ஒண்ணும் செய்யாது' என்று சொல்லி நான் விற்பதில்லை. "அக்கா, இதுலயும் சர்க்கரை இருக்கு. அப்பாவுக்கு ஒரு சின்னத் துண்டோட நிறுத்துங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். ஓரிரண்டு ஆர்டர் போயிருக்கிறது. போகட்டும். மாமியார் காலைப் பார்த்த பிறகு அந்தப் பொய் என் வாயில் வராது.

டயட் என்றால் கேலி, விரதம் என்றால் மரியாதை

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் மனிதர்கள்தான். கேக் கொடுக்கப் போன வீட்டில், "செஞ்சவளே தொட மாட்டேங்கிறா, உள்ள என்னத்தப் போட்டிருக்காளோ" என்று ஒரு பெரியம்மா சொன்னார். அப்போது மாமியாரின் மடப்பள்ளி வசனம்தான் கைகொடுத்தது. இன்னும் சில வீடுகளில் அன்பாகவே வாயில் ஊட்ட வருவார்கள். 'டயட்' என்று சொன்னால் ஆயிரம் பேச்சு. 'ஒல்லியாகி சினிமாவுலயா நடிக்கப்போறே?', 'ஒரு துண்டுல என்ன ஆயிரும்?' என்பார்கள். அதே ஆள், 'இன்னிக்கு விரதம்' என்றால் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு மரியாதையாக விலகுகிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளே இதைத்தான் பாடியிருக்கிறாள். திருப்பாவை முப்பது பாட்டில் இரண்டாவது பாட்டில், நோன்பு இருக்கிற பெண்கள் நெய்யும் பாலும் வேண்டாமென்று விலக்குகிறார்கள். அந்தப் பெண்கள் யார்? ஆயர்பாடிப் பெண்கள். மாடு வைத்துப் பால், தயிர், நெய் விற்கிற வீட்டுப் பெண்கள். காலையிலிருந்து ராத்திரி வரை கையில் புழங்குகிற பொருளை, அத்தனை நாளும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்கிறார்கள். இருபத்தேழாவது பாட்டில் நோன்பு முடிந்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து நெய் வழியப் பால்சோறு சாப்பிடுகிறார்கள். மார்கழி 27ம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் படைக்கிறோமே, அது இதற்காகத்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம். எல்லாரும் சேர்ந்து இருந்தால் நோன்பு சுலபம். அதனால் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மகளே, "அம்மா, விரல்!" என்று கத்திக் காவல் காக்கிறாள். இரண்டாவது, நோன்புக்கு முடிவு நாள் ஒன்று வேண்டும். ஆயுசுக்கும் தொடவே கூடாது என்றால் மனசு முரண்டு பிடிக்கும். அதனால் மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் சோற்றை இன்னும் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு சின்னத் துண்டு கேக். நின்றுகொண்டு இல்லை, ஓரத்துண்டும் இல்லை. நல்ல நடுத்துண்டு. தட்டில் வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து, விருந்தாளி மாதிரி சாப்பிடுகிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை வைத்தேன். நான் செய்கிற கேக் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே முழுதாகத் தெரிகிறது!

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது வெறும் வயிற்றில் 97, மூன்று மாதச் சராசரி 5.6. எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது. வரப்பிலிருந்து இந்தப் பக்கம் இறங்கியாகிவிட்டது. ஆனால் வரப்பு அங்கேயேதான் இருக்கும் என்பதும் தெரியும். ஆர்டர் ஒன்றுகூடக் குறையவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு மட்டும் இருபத்தொரு கேக்!

சகோதரிகளே, கேக் செய்கிறவர்களுக்கு மட்டும் இதை எழுதவில்லை. தீபாவளிக்கு அதிரசம் சுடுகிறவர்களும், கல்யாண வீட்டுக்கு லட்டு பிடிக்கிறவர்களும், பிள்ளைக்குப் பாயசம் வைக்கிறவர்களும் ஒரு பதினைந்து நாள் நோட்டு எழுதிப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் சுகர் வந்தவர்கள், கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது என்று இன்றைக்கே ஞாபகப்படுத்திப் பாருங்கள். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

ருசி பார்க்காமலே பதம் கண்டுபிடிக்க உங்களிடம் வேறு வழிகள் இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். முக்கியமாக, ஜிலேபிப் பாகின் கம்பிப் பதத்தைப் பார்வையிலேயே சொல்கிற சகோதரி யாராவது இருந்தால், எனக்கு அது உடனடியாகத் தேவை. மதினி மகள் வளைகாப்புக்கு ஜிலேபி போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன்!

- ஒரு வாசகி, கான்சாபுரம்.